அமி எழுந்து நிற்கவில்லை

லரேனா, சிகிஹோர் தீவு
25 பிப்ரவரி 2007, ஞாயிறு

வெங்,

நான் டெல்ஃபினா. அக்கரை டுமகெட்டே பள்ளி விடுதியில் உன் பக்கத்துக் கட்டில். பதினைந்து வருஷம் கழித்து இப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. லாசி ஊரில் உன் சித்தியிடம் விலாசம் வாங்கினேன். கைபேசி எண்ணும் கொடுத்தாள். அது வேண்டாம் என்று வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

உன் 'செந்நிலாத் தீவு' தொடர் நேற்றோடு முடிந்தது. பதின்மூன்று சனிக்கிழமையும் விடாமல் பார்த்தேன். நான் துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். தொலைக்காட்சிப் பெட்டி அங்கேதான், குளிர்பானப் பெட்டிக்கு மேலே. முதல் வாரம் 'எழுத்து: ரோவேனா தும்பாகா' என்று வந்ததும் என் மகள் ஜெஸ்ஸா சத்தமாகப் படித்தாள். டிக்கெட் கொடுக்கும் பொன்சிங் மேஜையைத் தட்டி, "நம்ம தீவுப் பொண்ணுடா! பாருங்கடா, மணிலாவுல நம்ம பொண்ணு!" என்று கத்தினான். சுமை தூக்குகிறவர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் கரண்டி இருந்தது, அதோடு தட்டினேன்.

குறை சொல்ல நிறைய இருக்கிறது. பள்ளிக்கூடப் பெண்கள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொன்சிங்கின் மனைவி சொன்னாள், "இந்தப் பாவாடையில நம்ம துறைமுகத்துல படகு ஏறினா, காத்து பொண்ணையே தூக்கிட்டுப் போயிடும்." நம் கடல் அப்படிக் கறுப்பாகவா இருக்கும்? காட்டில் சூனியக்காரிகள் கூடும் இடத்தில் குடை விரித்ததுபோல் ஒரே மாதிரி புகை. மண்ணெண்ணெய்ப் புகை என்று பார்த்தாலே தெரிகிறது. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரித்தோம்.

நாலாவது வாரம் சிரிப்பு நின்றது. லூனாவும் அமியும் விடுதி அறையில் இருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் சூனியத் தீவுப் பெண்கள் என்று ஒதுக்குகிறார்கள். தோளில் லூனாவின் கை பட்டால் சாபம் திரும்பிப் போகட்டும் என்று அவளைத் திருப்பித் தட்டுகிறார்கள். அமி கோபத்தில் ஒரு துணிப்பொம்மை தைக்கிறாள். லூனா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீலக் கட்டம் போட்ட துணி. வெங், துணிகூட அதே துணி.

வாடிக்கையாளருக்கு மீன் குழம்பு ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வெங் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து, நாடு முழுக்கப் பார்க்கும்படி சொல்லப் போகிறாள். அன்றிலிருந்து மற்ற ஒன்பது வாரமும் மந்திரத்துக்காகப் பார்க்கவில்லை. அந்தப் பொம்மைக்காக லூனாவைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்ட பிறகு, வகுப்பில் அமி எழுந்து நின்று "நான்தான்" என்று சொல்கிற அந்த ஓர் இடத்துக்காகக் காத்திருந்தேன்.

நேற்று லூனா சிவந்த கண்ணோடு திரும்பி வந்து பள்ளியைக் கொளுத்தினாள். அமி கண்ணாடியை நீட்டி அவளைச் சாம்பலாக்கினாள். மழை பெய்தது. எல்லோரும் அமியைக் கட்டிக்கொண்டார்கள்.

அவள் எழுந்து நிற்கவே இல்லை. நேராகப் பறந்துவிட்டாள்.

"லூனா நல்ல பொண்ணுதானே இருந்தா, எப்ப கெட்டவளானா?" என்று ஜெஸ்ஸா கேட்டாள். உனக்குத் தெரிந்தால் எழுது.

டெல்ஃபினா


கேசோன் நகரம்
9 மார்ச் 2007

அன்புள்ள ஃபினா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'வ'வை இன்னும் அப்படியே சாய்த்துத்தான் போடுகிறாய். இவ்வளவு கவனமாக என் தொடரை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர் பெயர்களையே மாற்றிப் போட்டிருந்தார்.

ஆனால் நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தொடரை ஒருத்தி எழுதுவதில்லை. நாங்கள் ஐந்து பேர். எங்களுக்கு மேலே தலைமை எழுத்தாளர், அவருக்கு மேலே தயாரிப்பாளர், அவருக்கு மேலே விளம்பரக்காரர்கள். கடல் கறுப்பாக இருப்பது நிறம் சேர்க்கிறவர் செய்த வேலை. உதட்டுச்சாயத்துக்கு ஒரு நிறுவனமே ஆதரவு கொடுத்தது. ஏழாவது வாரத்துக்குப் பிறகு பார்வையாளர்கள் குறைந்தார்கள். எங்களுக்கு ஒரு கெட்டவள் தேவைப்பட்டாள். ஐந்து பேர் ஓட்டுப் போட்டோம். லூனா என்று முடிவாயிற்று.

லூனா நீ இல்லை, ஃபினா. எழுதுகிறவர்கள் தெரிந்ததிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு துணி, ஒரு கட்டில், ஓர் அறை. மற்றதெல்லாம் கற்பனை. இதை நீ உன்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உனக்கு மகள் இருக்கிறாள் என்பதே எனக்குச் செய்தி. எத்தனை வயது? லூனாவாக நடித்த பெண்ணிடம் கையெழுத்து வாங்கிய ஒரு படம் இதோடு வைத்திருக்கிறேன். 'ஜெஸ்ஸாவுக்கு அன்புடன்' என்று எழுதச் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உன் அம்மா எப்படி இருக்கிறார்கள்?

அன்புடன்,
ரோவேனா


லரேனா
21 மார்ச் 2007

வெங்,

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஜெஸ்ஸாவிடம் காட்டவில்லை. அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலைப் படகில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். சோறும் வறுத்த மீனும் கேட்டாள். வைத்தேன். பிள்ளைகள் கையை நீட்டுகிற நேரத்தில் கேட்டாள்.

"இது யாருங்க சமைச்சது?"

"நான்தாங்க."

"நீங்க இந்த ஊர்க்காரங்களா, இல்ல வெளியூரா?"

"இங்கயே பொறந்தவ."

அவள் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் கண்ணுங்களா, பையில பிஸ்கட் இருக்கு, அதைச் சாப்பிடலாம்." தட்டைத் தொடாமல் போய்விட்டார்கள். முன்பும் இப்படிச் சிலர் உண்டு, வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பேர். அதற்கு மறுநாள் கல்லூரிப் பெண்கள் நாலு பேர் கேமராவோடு வந்தார்கள். "அக்கா, கொஞ்சம் முறைச்சுப் பாருங்களேன், லூனா மாதிரி! ப்ளீஸ்க்கா!" என்றார்கள். நல்ல பெண்கள்தான், சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். நான் முறைத்துப் பார்த்தேன். படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

ஜெஸ்ஸாவுக்குப் பன்னிரண்டு வயது. ஜூனில் டுமகெட்டேயில் உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். இரண்டு வருஷமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள். போன வாரம் பாத்திரம் துலக்கும்போது சொன்னாள்: "அம்மா, அங்க யாராவது கேட்டா எங்க ஊரு செபுன்னு சொல்லிக்கறேன். சிகிஹோர்னு சொன்னா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க." அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று உன் ஐந்து பேரிடம் ஓட்டுப் போட்டுக் கேட்டுச் சொல்.

ஒரு துணி, ஒரு கட்டில், மற்றதெல்லாம் கற்பனை என்று எழுதியிருக்கிறாய். கற்பனை இல்லாததை நான் எழுதுகிறேன். ஜனவரி மாதம். நம் வகுப்புப் பாட்ரிஸ் உன் தலையணையில் உப்பைக் கொட்டி, "சூனியம் உப்புல கரையுமாமே, பாக்கலாம்" என்று சிரித்தாள். நீ அழவில்லை. என் பழைய கைக்குட்டையைக் கேட்டாய். கொடுத்தேன். நீ பொம்மை தைத்தாய். பாட்ரிஸின் சீப்பிலிருந்து முடி எடுத்து அதன் தலையில் ஒட்டினாய். வயிற்றில் குண்டூசி குத்தினாய். "செத்துட மாட்டா, சும்மா பயப்படட்டும்" என்றாய். நான் சிரித்தேன். அதுதான் நான் செய்தது.

மறுநாள் காலை அவள் மேஜையில் அது கிடைத்தது. மாலையில் அவளுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி. கைக்குட்டை என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். மூலையில் அம்மா என் பெயரைத் தைத்திருந்தாள். சிஸ்டர் பெர்பெத்துவா வகுப்பில் என்னை நிற்கவைத்து, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். நீ சிஸ்டர்களின் தயவில் படித்தவள், உன்னை அனுப்பினால் உனக்கு வேறு வழியில்லை. எனக்கு அம்மா இருந்தாள். அதனால் நான் சொல்லவில்லை, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீயே சொல்வாய் என்று நினைத்தேன். அன்று இல்லாவிட்டால் மறுநாள். அந்த வாரம். அந்த வருஷம்.

டிசம்பரில் உன் பெயரைத் திரையில் பார்த்தபோது, ஓ, இதற்குத்தான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அமிக்கு நீ நெருப்பு கொடுத்தாய், சிறகு கொடுத்தாய். ஒரு வாய் கொடுத்திருக்கலாம்.

டெல்ஃபினா


கேசோன் நகரம்
4 ஏப்ரல் 2007

ஃபினா,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

நான்தான். பொம்மையைத் தைத்தது நான். முடியை எடுத்தது நான். வைத்தது நான். இந்த மூன்று வரியை எழுத இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. எழுதிய பிறகு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவின் செய்தி எனக்குத் தெரியாது. விடுதிக்கு ஞாயிறுதோறும் எனக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் அனுப்புவார்களே. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நீ கேட்ட அந்த இடத்தை நான் எழுதினேன். உனக்கு நம்பிக்கை வருமோ வராதோ. பன்னிரண்டாவது வாரத்துக்காக மூன்று பக்கம் எழுதினேன். அமி எழுந்து நிற்கிறாள், சொல்கிறாள், உட்காருகிறாள். மந்திரம் எதுவும் கிடையாது. கூட்டத்தில் படித்தேன். தயாரிப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"அழகா எழுதியிருக்கேம்மா. ஆனா ஒரு பொண்ணு எந்திரிச்சு நின்னு நான்தான்னு சொல்லிட்டு உக்காந்துட்டா, விளம்பரம் வர்றதுக்குள்ள ஜனங்க வேற சேனலுக்குப் போயிடுவாங்க. பறக்க விடு. கண்ணு சிவக்கட்டும். அதுவுமில்லாம, அமிதான் செஞ்சான்னா அப்புறம் அவளை யாரு நேசிப்பாங்க? அவதான் நம்ம கதாநாயகி."

நான் வாதாடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வாதாடவில்லை. மூன்று பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஃபினா. அதுதான் உண்மை. யாரோ எனக்காக முடிவு செய்துவிட்டார்கள்.

கடைசி வாரம் எல்லோரும் ஓட்டலில் கூடிப் பார்த்தார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்தேன். டப்பா மீனும் சோறும் வைத்துக்கொண்டு தனியாகப் பார்த்தேன். அடுத்த அறையிலும் அதே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சத்தம் ஒரு நொடி தாமதமாக வரும். லூனா கத்தியது எனக்கு இரண்டு தடவை கேட்டது. இந்தக் கட்டிடத்தில் ஏழு வருஷமாக இருக்கிறேன். அடுத்த அறையில் யார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் பாகம் கேட்டிருக்கிறார்கள். அதில் லூனாவைத் திரும்பக் கொண்டுவருகிறேன். அவள் செய்யவில்லை என்று காட்டுகிறேன். சண்டை போட்டாவது அந்த மூன்று பக்கத்தையும் வைக்கிறேன். சொல், செய்கிறேன்.

வெங்


லரேனா
15 ஏப்ரல் 2007

வெங்,

வேண்டாம். இரண்டாம் பாகத்தில் எதையும் வைக்காதே. என்னைச் சாம்பலிலிருந்து எழுப்பவும் வேண்டாம்.

புனித வாரத்தில் மலைமேல் வைத்தியர்கள் மூலிகை காய்ச்சுகிற நாளுக்கு இந்த வருஷம் படகு நிரம்பி வந்தது. இறங்கியவர்களில் பாதிப்பேர் செந்நிலா எங்கே தெரியும் என்று கேட்டார்கள். பொன்சிங் சளைக்காமல், "போன வாரம்தான் கழட்டித் துவைக்கப் போட்டோம், இன்னும் காயலை" என்றான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, இந்தச் சிரிப்பைச் சொல்ல எனக்கு யாரும் இல்லையே என்று பட்டது. ஜெஸ்ஸாவின் அப்பா செபுவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அம்மா இல்லை. ஜூனில் ஜெஸ்ஸாவும் போய்விடுவாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேனோ என்னவோ. கோபப்படக்கூட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியில் சொன்னால் அது கதை. நம் பள்ளிக்குப் போ. அலுவலகத்துக்குள் நுழைந்து சொல். யாரிடம் என்று கேட்காதே, அந்த நாற்காலியில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம். பாட்ரிஸ் டுமகெட்டேயில்தான் இருக்கிறாள். அவள் அப்பாவின் மருந்துக்கடையை அவள்தான் நடத்துகிறாள். அவளிடமும் சொல்.

இதுதான் நான் கேட்பது. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஃபினா


டுமகெட்டே
12 மே 2007

ஃபினா,

வந்துவிட்டேன். கடற்கரைச் சாலையில் ஒரு சிறிய விடுதியில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் உன் தீவு தெரிகிறது. மதியத்தில் நீலமாக, சாயந்தரம் சாம்பல் நிறமாக. இன்றைக்கு மூன்று படகு போவதைப் பார்த்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளி அலுவலகத்தில் மாணவர் சேர்க்கைக்காகக் கூட்டம். நாற்காலியில் இருந்தது ஓர் இளம் சிஸ்டர். என்னைவிடச் சின்னவர். என் முறை வந்ததும், "பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ் குடுங்க" என்றார். "நான் பிள்ளை சேர்க்க வரலை, சிஸ்டர். ஒண்ணு சொல்ல வந்தேன்" என்றேன். எனக்குப் பின்னால் பெற்றோர்கள் பதினைந்து பேர் நின்றார்கள். நின்றபடியே சொன்னேன். பெயர், வருஷம், பொம்மை, கைக்குட்டை, டெல்ஃபினா செய்யவில்லை, நான்தான் என்று எல்லாம். அந்த சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "சிஸ்டர் பெர்பெத்துவா தவறிட்டாங்களே, நாலு வருஷமாச்சு. இதை நான் எங்கே எழுதி வைக்கறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை உன் பழைய கோப்பில் வைப்பதாகச் சொன்னார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "முடிஞ்சுதாம்மா? வெயில் ஏறுது" என்றார்.

மருந்துக்கடைக்குப் போனேன். பாட்ரிஸ் குண்டாகிவிட்டாள். மூக்கின் நுனியில் கண்ணாடி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீதானே அந்த சிகிஹோர் பொண்ணு? டெல்ஃபினா?" என்றாள்.

"இல்லை. டெல்ஃபினா மேல பழி விழுந்துச்சே, அந்தப் பொம்மையை வெச்சவ நான்."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "ஐயோ, அது டெங்குடி! ரத்தம் எடுத்துப் பாத்த அன்னிக்கே எங்கப்பா சொல்லிட்டாரே. பள்ளிக்கூடத்துக்கே போய் சிஸ்டர்கிட்ட சொன்னாரே. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்போ அந்தப் பொண்ணு இல்லை. ஏன் அவ திரும்பி வரவே இல்ல?"

இந்த இடத்தில் கடிதத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ கேட்டதைச் செய்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், ஃபினா. அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும்.

பாட்ரிஸின் அப்பா வந்து சொன்ன அடுத்த நாள், சிஸ்டர் பெர்பெத்துவா என்னைக் கூப்பிட்டார். ஒரு கடிதத்தைக் கொடுத்தார். "நீ சனிக்கிழமை ஊருக்குப் போறேல்ல? இதை டெல்ஃபினா அம்மாகிட்ட குடுத்துடு." படகில் அதைப் பிரித்துப் படித்தேன். நாலு வரிதான். காய்ச்சல் டெங்கு என்று உறுதியாயிற்று. குழந்தையை அவசரப்பட்டு அனுப்பியதற்கு வருந்துகிறோம். மார்ச் ஒன்பதாம் தேதி தேர்வு. அதற்குள் அவள் திரும்பி வரலாம்.

நீ திரும்பி வந்தால், பொம்மையை யார் வைத்தார்கள் என்ற பேச்சும் உன்னோடு திரும்பி வரும். அப்போது எனக்குப் பதினைந்து வயது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன். கடிதத்தைக் கடலில் போட்டேன். திங்கட்கிழமை சிஸ்டர் கேட்டபோது, "குடுத்துட்டேன், அவங்க இனி அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

பொம்மைக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், எப்போதோ. இதற்காகத்தான் உன் பக்கம் வரவே முடியாமல் போயிற்று.

இரண்டாம் பாகத்தை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் ஒன்றும் நிற்கவில்லை. மற்ற நாலு பேர் எழுதுகிறார்கள். ஜூலையில் வருகிறது.

நாளைக் காலை ஏழு மணிக்கு லரேனாவுக்கு ஒரு படகு இருக்கிறது. நான் ஏறப் போவதில்லை. இதை நீ படிப்பதற்கு முன்னால் உன் கடையில் உட்கார்ந்து சோறு கேட்பது இன்னொரு திருட்டு. மணிலாவுக்குத் திரும்புகிறேன்.

ரோவேனா


லரேனா
8 ஜூலை 2007, ஞாயிறு

வெங்,

உன் கடிதத்தைத் தபால்காரர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தார். நின்றபடி படித்தேன். பிறகு இருபது பேருக்குச் சோறு போட்டேன். யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு மேஜைகளைத் துடைத்தேன், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன்.

அந்த வருஷம் மார்ச் மாதம் என் சீருடையை அம்மா இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். "கூப்பிடுவாங்க, பாரு. தப்பு அவங்க பக்கம், கூப்பிடாம இருக்க மாட்டாங்க" என்பாள். ஜூனில் அதைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் டுமகெட்டே படகில் ஏறவில்லை. பல் வலிக்குக்கூட. அவர்கள் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கல்லறைக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத முடியவில்லை. முயன்று பார்த்தேன். கை எழுதுகிறது, நான் எழுதவில்லை. எனவே விட்டுவிட்டேன்.

ஜெஸ்ஸாவை நானே கூட்டிப்போய்ச் சேர்த்தேன். நம் பள்ளியில் இல்லை, அரசுப் பள்ளியில். படகில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உப்பு, கைக்குட்டை, நீ, கடிதம் எல்லாம். அவள், "அந்த லெட்டர் வந்திருந்தா நான் பொறந்திருக்க மாட்டேன்ல?" என்றாள். அவள் புத்தியைப் பார்! நான் பதினேழு வயதில் கல்யாணம் செய்துகொண்டது வீட்டில் சும்மா இருந்ததால்தான் என்று அவளுக்குத் தெரியும். நான் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். முதல் நாள் வகுப்பில் எந்த ஊர் என்று கேட்டபோது சிகிஹோர் என்றே சொல்லியிருக்கிறாள். பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி இடத்தை மாற்றிக்கொண்டாளாம். இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாளாம். இதுவரை அவ்வளவுதான் தெரியும்.

வீடு காலியாக இருக்கிறது. சனிக்கிழமை ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போடுகிறேன். பொன்சிங் முணுமுணுக்கிறான், "இரண்டாம் பாகத்துல லூனா பேயா வர்றாளாம்க்கா." அவன் எதிர்க்கடையில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு செய்தி. பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு நகராட்சி மண்டபத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. பரீட்சை எழுதினால் உயர்நிலைப் பள்ளி முடித்த மாதிரி. சேர்ந்துவிட்டேன். மீனவர்கள் ஆறு பேர், ஒரு பிரசவத் தாதி, நான். பெஞ்சு சின்னது, முழங்கால் இடிக்கிறது. கணக்கில் நான்தான் முதல். கட்டுரைதான் எழுத வரவில்லை.

போன வாரம் ஆசிரியை, "வெளியூரில் இருக்கும் தோழிக்கு ஒரு கடிதம்" எழுதச் சொன்னாள். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். நான் 'அன்புள்ள' என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை யோசித்தும் உன்னைத் தவிர வேறு பெயர் வரவில்லை. கோபமாக இருந்தது. உன் பெயரையே எழுதினேன். மாதிரிக் கடிதத்தில் இருந்தபடி எழுதினேன்: நான் நலம், மழை தொடங்கிவிட்டது, மகள் பள்ளிக்குப் போகிறாள், கடல் சில நாள் அமைதியாக இருக்கிறது. அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன்.

அதற்கு இருபதுக்குப் பதினெட்டு. எழுத்துப் பிழைக்கு ஒன்று போயிற்று. இன்னொன்று கடைசி வரிக்கு. 'உன் வருகையை எதிர்பார்த்திருக்கிறேன்' என்று முடிப்பதாக மாதிரிக் கடிதத்தில் இருந்தது. நானும் அப்படியே எழுதிவிட்டு, பிறகு ஒரு கோடு போட்டு அடித்துவிட்டேன். "ஏன் அடிச்சீங்க? நல்லாத்தானே இருக்கு" என்று ஆசிரியை கேட்டாள். அடித்த வரிக்கு மதிப்பெண் தர முடியாதாம்.

ஒரே ஒரு கோடுதான். வரியை இன்னும் படிக்க முடிகிறது.

ஃபினா